தும்பை என்ன செய்தது

வீடு முழுக்கப் புகை மண்டியிருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கருகல் வாடை எதுவும் இல்லை. அடுப்படியில் புருஷன் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, அடுப்புல என்னத்த வச்சிருக்கீங்க? வீடெல்லாம் ஒரே புகையா இருக்கு."

"டீதான். புகையெல்லாம் ஒண்ணும் இல்லையே."

"ஜன்னலையாவது திறந்து விடுங்க."

"திறந்துதான் இருக்கு."

ஜன்னல் இருக்கும் பக்கம் திரும்பினாள். அங்கே கொஞ்சம் கூடுதலான வெளுப்பு இருந்தது, அவ்வளவுதான். கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். கை ஒரு நிழலாகத் தெரிந்தது. விரல்கள் தனித்தனியாகப் பிரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பால் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டு பார்ப்பது போல் இருந்தது. வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை.

அவர் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் கை தம்ளரைத் தேடிப் போய், இடம் தவறித் தட்டிவிட்டது. வெட்டி அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூடச் சீருடைத் துணியின் மேல் டீ கொட்டியது. வேறொரு நாளாக இருந்திருந்தால் துள்ளி எழுந்திருப்பாள். அன்றைக்கு அசையவில்லை.

"என்ன, கைநடுக்கமா?" என்றார் அவர்.

"எனக்குக் கண்ணு தெரியலங்க," என்றாள்.

ஏதோ ஊசி காணோம் என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகத்தான் அது அவள் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

தெருவில் அவளைத் தையக்காரம்மா என்றால்தான் தெரியும். வாசல் அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை தைப்பாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அந்த அறையில் கால் வைக்க இடமிருக்காது. நீலக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக மலை மாதிரி கிடக்கும். அவள் புருஷன் வெல்டர். மெயின் ரோட்டில் சின்னப் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று எதுவானாலும் செய்வார். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் சாந்தம். ஒரு தடவை தெருவிலுள்ள ஆட்டோக்காரர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இவர் வீட்டுக் கேட்டை இடித்து வளைத்துவிட்டார். இவர் வெளியே வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டை நிமிர்த்திப் பற்றவைத்தார். பிறகு ஆட்டோவின் பின்பக்கத்தையும் தட்டி நிமிர்த்திப் பற்றவைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சாந்தம்தான். "பொம்பளப் பேரா இருக்கே" என்று மகள் கேலி செய்தால், அதற்கும் சிரிப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை.

தெரு ஒரு பழைய கிடங்கின் பின்சுவரில் போய் முட்டி நிற்கும். அந்தச் சுவருக்கும் இவர்கள் வரிசை வீடுகளின் பின்பக்கத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு துண்டு நிலம். கிடங்கு மூடிய பிறகு உடைந்த செங்கல்லும் பிளாஸ்டிக்கும் கொட்டுகிற இடமாகிப் போயிருந்தது. அதைச் சோலையாக்கியது தேனக்காதான். மூன்றாவது வீட்டு மொட்டைமாடியில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறவள். புருஷன் போன பிறகு தேன் விற்றுத்தான் பிழைப்பு. பெட்டிகள் வர வர இளைத்துக்கொண்டே வந்தன.

"பக்கத்துல பூன்னு ஒண்ணு இருந்தாத்தானே? சர்க்கரைத் தண்ணியக் குடிச்சிட்டு உயிரோட கிடக்குதுங்க. நம்மள ஆஸ்பத்திரியில படுக்க வச்சு வெறும் குளுக்கோஸ்லயே ஓட்டுன்னா ஓட்டுவமா?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள்.

மாடிவீட்டு சார், ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரோஜாவும் குரோட்டன்ஸும் வைக்கலாம் என்றார். "ரோஜாவுக்கு உங்க மாப்பிள்ளைதான் சார் வருவாரு, போட்டோ எடுக்க. நம்ம வண்டும் பட்டாம்பூச்சியும் வராது" என்றாள் தேனக்கா. தெருவே சிரித்தது. கல் பொறுக்கினார்கள், மண் கொத்தினார்கள். இந்த மண்ணில் தானாக முளைக்கிற செடிகளாகத் தேடித் தேடி விதை கொண்டுவந்து போட்டார்கள். தும்பை, துத்தி, ஆவாரை, கிலுகிலுப்பை. கிடங்குச் சுவரை ஒட்டி எருக்கு. அந்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி எருக்கு இலையில்தான் முட்டையிடும், வேறு எங்கேயும் இடாது என்று தேனக்கா பிடிவாதமாக நட்டாள். வெல்டர் தன் பங்குக்குத் துண்டுக் கம்பிகளை வைத்து ஒரு சின்னக் கேட் செய்து மாட்டினார்.

மழைக்குப் பிறகு அது பூத்தபோது தெருவே வாயைப் பிளந்தது. நாளெல்லாம் மிஷினில் குனிந்து கிடக்கிற தையக்காரம்மாவுக்கு சாயங்காலம் இடுப்பை நிமிர்த்த அதுதான் இடம். குடத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவாள். எருக்கு இலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழுக்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "யாருக்குடா இவ்வளவு நேர்த்தியாத் தைச்சுப் போட்டது?" என்று புழுவிடம் கேட்பாள்.

பார்வை மங்கியதற்கு முந்தின நாள் சாயங்காலம் நல்ல காற்று. கூடவே தூறல். கேட்டை ஒட்டிச் சுவரோரம் நின்ற எருக்கு முறிந்து வழியில் சாய்ந்திருந்தது. அவள் போய் முறிந்த கொப்பைத் திருகி எடுத்தாள். பச்சைக் கொப்பு சுலபத்தில் வரவில்லை. பால் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஒழுகியது. நெற்றியில் தூறலும் வேர்வையுமாக வழிந்ததை முழங்கையால் துடைத்தாள். அந்தக் கண்ணையும் இந்தக் கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தாள். கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு ஒன்றுமில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். "எருக்கம்பால் கண்ணுல பட்டிருச்சுங்க."

"எரியுதா?"

"இல்ல. வழவழன்னு இருக்கு, அவ்வளவுதான்."

"எரியலன்னா ஒண்ணும் இல்ல. சாப்பிடு."

கண்ணைப் பற்றி அவர் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. வெல்டிங் வெளிச்சம் பட்டு, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எத்தனையோ ராத்திரி அவர் துடித்திருக்கிறார். அவள்தான் ஈரத்துணி வைத்துவிடுவாள். கண் கெட்டால் எரியும், எரியாவிட்டால் கெடவில்லை. அவர் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது. அவளும் எழுந்துபோய் முகம் கழுவலாம் என்று நினைத்தவள், இரண்டு கால்சட்டைக்கு ஓரம் மடிக்க வேண்டியிருந்ததால் அப்படியே மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று காலையே ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா கருவியின் முன் அவள் தாடையை வைக்கச் சொல்லி, இமையை விரித்து, வெகுநேரம் பார்த்தார். அவளுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது, பனிக்குள் லாரி வருவது போல.

"எருக்கம்பாலா? எப்ப பட்டுச்சு?"

"நேத்து சாயங்காலங்க."

"பட்ட உடனே கழுவுனீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து வெல்டர் சொன்னார். "எரியலன்னு சொன்னா."

"எரியாது. அந்தப் பால் கண்ணை மரத்துப் போக வச்சிரும். வலிச்சிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பீங்க. வலிக்காததுதான் இதுல ஆபத்தே. உடனே பச்சைத் தண்ணியில நல்லாக் கழுவியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அவள் தோளில் அவர் கை இருந்தது. அது எப்போது விலகியது என்று தெரியவில்லை. தோள் லேசானபோதுதான் கை இல்லை என்று தெரிந்தது.

"பார்வை வருங்களா டாக்டர்?" என்றாள்.

"கருவிழி வீங்கியிருக்கு. வீக்கம் வத்துனா தெளியணும். பெரும்பாலும் தெளிஞ்சிரும். ஆனா இன்னைக்கே நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. சொட்டு மருந்து எழுதித் தரேன், விடாமப் போடணும். நாளைக்கு வாங்க, பாக்கலாம்."

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வெல்டர் ஒன்றும் பேசவில்லை. எப்போதும் பேசாத மனுஷன் பேசாமல் வந்ததில் அவளுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அவள் தன் இருட்டிலேயே கிடந்தாள். இருட்டு என்று சொல்லக்கூடாது, அது ஒரே வெள்ளை. இனி ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி, மகளுக்குப் படிப்பு முடிய வேண்டுமே, அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று மனசு ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவியது. எதிலும் நிற்கவில்லை. அழுகைகூட வரவில்லை. பேயறைந்த மாதிரி என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தாள்.

வீட்டில் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார். "பாப்பா, மருந்து நேரம் தவறாமப் போடு" என்று மகளிடம் சொன்னார். "பட்டறைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"இன்னைக்குமாப்பா?" என்றாள் மகள்.

செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது.

மகள் முதல் சொட்டைப் போட்டுவிட்டு, அம்மாவின் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் கேட்டது. சதக், சதக் என்று. மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் இல்லை அது. பச்சையில் இறங்குகிற சத்தம். நடுநடுவே சுவரில் இரும்பு மோதியது. பச்சைவாடை அலையாக வந்து அறையை நிறைத்தது. அதற்குப் பின்னாலேயே தேனீக்களின் இரைச்சல். வழக்கமான முணுமுணுப்பு இல்லை. சந்தை கலைந்தது போல ஒரு கலவர இரைச்சல்.

"யாரோ செடிய வெட்டுறாங்கடி. கிடங்குக்காரன் ஆள் அனுப்பிட்டானா? ஓடிப் போய்ப் பாரு. தேனக்காவக் கூப்பிடு."

மகள் ஓடினாள். திரும்பி வந்த காலடி கேட்டது. ஆனால் வாசல்படியிலேயே நின்றுவிட்டது.

"யாருடி?"

மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"கேக்குறேன்ல, யாரு?"

"அப்பா," என்றாள் மகள்.

அவளுக்குப் புரியவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்கிறாள் என்று நினைத்தாள். "அவரு பட்டறைக்குப் போயிட்டாருடி. நீ தேனக்காவப் போய்..."

"அம்மா, அப்பாதாம்மா வெட்டுறாரு."

காலையில் கண் போனதைவிட இதுதான் அவளைத் தூக்கி அடித்தது. சாந்தம் என்று தெருவே கூப்பிடுகிற மனுஷன். எறும்புச்சாரியைப் பார்த்தால் தாண்டிப் போகிற மனுஷன். இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்தது யார் என்று அவளுக்கு ஒரு நொடி திகைப்பாக இருந்தது. அதற்குள் வேறொரு நினைப்பு வந்து அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பியது.

"எருக்கையுமா வெட்டுறாரு?"

"எல்லாத்தையும்தாம்மா. கையெல்லாம் வெள்ளையா வழியுது. மூஞ்சியிலயும் தெறிச்சிருக்கு."

மகள் பிடிப்பதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். சுவரைத் தடவி, பின்கதவின் தாழ்ப்பாளைத் தடவி, படியில் இடறி, முழங்கால் சிராய்க்க எழுந்து, பச்சைவாடையை நோக்கிப் போனாள். மகள் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். கால்களில் வெட்டுப்பட்ட செடிகள் இடறின. தலைக்கு மேலே தேனீக்கள் சுற்றின.

தேனக்காவின் குரல் அங்கே ஏற்கெனவே கேட்டது. கத்தல் இல்லை, கெஞ்சுகிற மாதிரி. "போதும்ணே. எருக்குதானே பண்ணுச்சு? அதான் வெட்டிட்டீங்களே. மத்ததை விடுங்க. அண்ணே, சொல்றது காதுல விழுதா?"

சதக். சதக்.

"என்னங்க," என்றாள் அவள். "கண்ணத் தொடாதீங்க."

சத்தம் நின்றது.

"கையக் கீழ போடுங்க. மூஞ்சியத் துடைச்சிடாதீங்க. அப்படியே நில்லுங்க. பாப்பா, தண்ணி கொண்டா. வாளியோட கொண்டா."

மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். மார்பில் கை பட்டது. சட்டை பாலும் வேர்வையுமாகப் பிசுபிசுத்தது. தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

"ஊத்து," என்றாள்.

யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அவள் முதலில் தன் கையைக் கழுவிக்கொண்டு, பிறகு அவர் நெற்றியில் தொடங்கி, புருவம், இமை, மூக்கோரம் என்று தடவித் தடவிக் கழுவினாள். "கண்ண முழிங்க. தண்ணிக்குள்ள முழிங்க. இன்னும் ஊத்து. நிறுத்தாத." அவள் தைத்த சட்டையின் காலர் அவள் விரலில் பட்டது. வாளி தீர்ந்து அடுத்த வாளி வந்தது. ஊற்றுகிற கை ஒரே சீராக, அவசரப்படாமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

"எரியுதா?" என்று கேட்க வாயெடுத்தவள், அந்தக் கேள்வியைக் கேட்காமல் விழுங்கினாள்.

வெகுநேரம் கழித்து, "போதும். வெள்ளையெல்லாம் போயிருச்சு," என்று தலைக்கு மேலே குரல் கேட்டது. தேனக்காவின் குரல். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இவ்வளவு நேரமும் தண்ணீர் ஊற்றியது மகள் இல்லை என்று.

தேனக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டுப் பக்கம் நடந்துபோனாள்.

வெல்டரின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நல்லவேளை, உடனே கழுவியிருக்கீங்க" என்றார். தையக்காரம்மாவுக்கு, "பயப்படாதீங்க, வத்த ஆரம்பிச்சிருக்கு. தெளிஞ்சிரும்" என்று இந்த முறை உறுதியாகவே சொன்னார். வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

செடிகளை வெட்டிய அன்று சாயங்காலமே தெருவில் கூடிப் பேசினார்கள். புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாடிவீட்டு சார் குதித்தார். அந்தத் துண்டில் அவருடைய உழைப்பும் இருந்தது. குனிய முடியாத இடுப்போடு கல் பொறுக்கியவர். ஆட்டோக்காரர் மட்டும், "நம்ம சாந்தமாப்பா இப்படி? கண் மண் தெரியாமப் போச்சு அவருக்கு, பாவம்" என்றார். "தெரியாமலா?" என்றார் சார். "கேட்டத் திறந்து உள்ள போய், திரும்பிக் கொண்டியப் போட்டுட்டுத்தான்யா வெட்ட ஆரம்பிச்சிருக்கான். நான் மாடியில இருந்து பாத்தேன்."

தேனக்காதான் முடித்து வைத்தாள். "முதல்ல அவ கண்ணு தெளியட்டும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

இரண்டொரு நாள் கழித்து அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்து தையக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஆள் மூஞ்சியில முழிக்க என்னால இப்ப முடியல. நீ தப்பா எடுத்துக்காத."

"நான் எடுத்துக்க என்னக்கா இருக்கு?"

"காலையில பொட்டிய விட்டுக் கிளம்பி நேரா அங்கதான் போகுதுங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்? மொட்டை மண்ணச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, கால்ல ஒரு பொட்டு மகரந்தம்கூட இல்லாம திரும்பி வருதுங்க. மறுநாளும் போகுதுங்க." தேனக்கா மூக்கை உறிஞ்சினாள். "மறுபடி சர்க்கரைத் தண்ணி வச்சிருக்கேன்."

வீட்டுக்குள் வெல்டர்தான் சோறு வடித்தார், முட்டை பொரித்தார், துணி துவைத்தார். சொட்டு மருந்தை மட்டும் மகள் அவரிடம் கொடுக்கவில்லை. "நானே போட்டு விடுறேன்" என்று புட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். பாதித் தைத்த சீருடைகளைக் கடைத்தெருத் தையல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்து முடித்து வாங்கியதும் அவர்தான்.

அவள் கட்டிலில் சாய்ந்தபடி அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்தில் வந்தால் அவளுக்கே தெரியாமல் மூச்சு நின்று, போன பிறகு வரும். அப்படி ஆனது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் அவள் காலடியில் தரையில் வந்து உட்கார்ந்தார். மகள் வீட்டில் இல்லை.

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"எரியுதான்னு கேட்டேன்ல."

"ஆமா."

"இல்லன்னு சொன்ன. நான் சாப்பிடுன்னு சொல்லிட்டேன். ஒரு செம்புத் தண்ணி. எழுந்திரிச்சுப் போய்க் கழுவுன்னு ஒரு வார்த்தை. அந்த டாக்டரம்மா சொன்னதுல இருந்து... காதுக்குள்ள அதேதான். எதையாவது வெட்டணும்னு இருந்துச்சு. என் கைய வெட்டிக்கலாம்னுகூட இருந்துச்சு."

"எனக்கும்தான் கழுவத் தோணலை. ஓரம் மடிக்க உக்காந்துட்டேன். அதுக்கு என்ன பண்ணலாம்? மிஷின உடைக்கலாமா?"

தரையில் அவர் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"கண்ணு போனப்போகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லைங்க. பாப்பா வந்து 'அப்பா'ன்னு சொன்னா பாருங்க. அதை இன்னும் என்னால முழுங்க முடியல."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே எதையும் எடுக்கிற, வைக்கிற சத்தம் கேட்கவில்லை. சும்மா நிற்கிறார் என்று தெரிந்தது.

வெண்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் நிறங்கள் வந்தன. பிறகு ஓரங்கள். ஒருநாள் மகளின் முகம் முகமாகவே வந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. கடைசியாக ஊசியின் காது. நூலை எச்சில் தொட்டுக் கோர்த்தாள். முதல் தடவையிலேயே போனது. அப்போதுதான் அழுதாள், நடந்ததற்கெல்லாம் சேர்த்து.

அன்று சாயங்காலம், "எனக்கு அந்த இடத்தப் பாக்கணும்" என்றாள்.

"வேண்டாம்மா," என்றாள் மகள்.

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். வெல்டர் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தார். இத்தனை நாளும் அவள் மனசில் வேறொரு படம் இருந்தது. எருக்கு வெட்டுப்பட்டுக் கிடக்கும், பக்கத்தில் கொஞ்சம் மிதிபட்டிருக்கும், மிச்சம் நிற்கும் என்று. எல்லாம் போச்சு என்று மகளும் தேனக்காவும் சொல்லிக் கேட்டும், மனக்கண் அவ்வளவுதான் வரைந்து வைத்திருந்தது.

மிச்சம் என்று ஒன்றும் இல்லை. கேட் மட்டும் கொண்டியோடு நின்றது. ஆவாரை அடியோடு போயிருந்தது. கிலுகிலுப்பை வேரோடு பிடுங்கி எறியப்பட்டு, காய்கள் பிஞ்சிலேயே நசுங்கிக் காய்ந்திருந்தன. சுவரில் பால் தெறித்த கறை கறுத்துப் போயிருந்தது. சுவரோரம் மட்டும் இல்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு சாண் விடாமல் கொத்திப் புரட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் செய்த வேலை மாதிரி இல்லை. துணியை அளந்து வெட்டினது போல நறுவிசாக இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் குனிந்தாள். கணுக்கால் உயரம்கூட வளராத தும்பை. வெள்ளைப் பூ வைத்த இடமெல்லாம் சருகாகிக் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஒரு கொத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். வெகு நாள் கழித்து அவர் முகத்தைத் தெளிவாகப் பார்த்தாள். தாடி வளர்ந்திருந்தது. அதே முகம்தான்.

"எருக்கு பண்ணுச்சு, சரி. தும்பை என்னங்க பண்ணுச்சு?"

அவர் அவள் கையைப் பார்த்தார். அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவர் தேனக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் பார்த்துவிட்டு உள்ளே போனாள், மாடிக்குப் போனாள், பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடினாள், இறங்கி வந்தாள். அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"விதை."

"விதையா? விதையெல்லாம் அங்கதான் இருந்துச்சு. காய் முத்தறதுக்குள்ள வெட்டிட்டீங்க." கதவைச் சாத்தப் போனவள், பாதியில் நிறுத்தினாள். "ரயில் பாதை ஓரமாப் பாருங்க. ஆத்துக்கரையில பாருங்க. நாங்களும் அப்படித்தான் பொறுக்கினோம். செடி பேராவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. பாத்தா அடையாளம் தெரியும்," என்றார் அவர். "எல்லாத்தையும் ஒரு தடவை கையில புடிச்சேன்ல."

தேனக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். நடந்ததைத் தையக்காரம்மாவிடம் அவள்தான் சொன்னாள். "எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. அந்த ஆள் பொய் சொல்லல" என்றாள்.

அதிலிருந்து பட்டறையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, ரயில் பாதை, ஆற்றங்கரை, யாரும் கட்டாமல் போட்ட மனைகள் என்று அலைந்தார். தெருக்காரர்கள் பார்ப்பார்கள், பேசமாட்டார்கள். திரும்பி வரும்போது சட்டைப்பை பிதுங்கும். காலெல்லாம் முள் கிழித்திருக்கும். ஒரு தட்டில் கொட்டி அவள் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். தைத்து முடித்த பிறகு அவள் பிரிப்பாள். தும்பை விதை கண்ணுக்கே தெரியாத கறுப்புப் பொடி. அதைத் துத்தியிலிருந்து பிரிக்க முடிந்ததில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவரும் தூர நின்று அதைத்தான் கவனிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மகளும் ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். அப்பாவிடம் பேசவில்லை. ஆனால் பொட்டலம் கட்டினாள். கட்டினதைத் தேனக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போலத் தட்டில் கொட்டாமல், கையிலேயே எதையோ வைத்துக்கொண்டு அவர் அவளுக்கு நேரே வந்து நின்றார். உள்ளங்கையை நீட்டினார். எருக்கங்காய். கிளி மூக்கு போல வளைந்து, முற்றிக் காய்ந்து, ஓரம் வெடித்துப் பஞ்சு எட்டிப் பார்த்தது.

அவள் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தாள். நாற்காலி சுவரில் இடித்தது.

"காஞ்சது," என்றார் அவர். "பால் கிடையாது. ஒடிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

அவள் நகர்ந்தது காய்க்குப் பயந்து இல்லை. கண்ணுக்கு அவ்வளவு நெருக்கமாக நீண்டு வந்த அந்தக் கைக்குப் பயந்து. அது அவளுக்குத் தெரிந்தது. அவர் முகம் போன போக்கிலிருந்து அவருக்கும் தெரிந்துவிட்டது.

அவர் அவசரப்படாமல் குனிந்து, காயைத் தரையில், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். கையை எடுத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாசல் வழியாகத் தெருச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காயிலிருந்து ஒரே ஒரு விதை, பஞ்சோடு, மின்விசிறியின் காற்றில் எழும்பித் தரையோடு தரையாக நகர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, காயைக் கையில் எடுத்து, வெடித்த ஓரத்தில் நகத்தை வைத்துப் பிரித்தாள்.

"கொஞ்சம் கிட்ட வந்து உக்காந்து புடிங்க," என்றாள். "பஞ்சு பறக்குது."

அவர் வந்தார். கையைத் தன் மடியிலேயே குவித்து வைத்துக்கொண்டு, அவள் போடட்டும் என்று காத்திருந்தார்.